அந்தப் பேரைச் சொன்னது நான்தான்

முரளி கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணினபோது அடுப்பில் பால் பொங்குகிறது என்று சொல்லி வைத்துவிட்டேன். அடுப்பில் பால் இல்லை. கம்பெனி கேட்டுக்கு எதிரே சங்கத்தின் பெயர்ப்பலகையை வைக்கப்போகிறோம், அதை நீதான் திறந்து வைக்கணும்மா, ஹவுஸ்கீப்பிங்கில் சங்கத்தில் சேர முதல் ஃபாரம் போட்டது நீதானே, கமிட்டியில் எல்லாரும் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்கள் என்று நீ சொல்லிக்கொண்டே போனாய். கல்யாணம் ஆகிக் குன்றத்தூருக்குப் போன பிறகு உன் குரல் இவ்வளவு சந்தோஷமாக இருந்து நான் கேட்டதில்லை. அதற்கு நடுவில் இதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நேரில் சொன்னால் நீ பாதியில் எழுந்து போய்விடுவாய், இல்லாவிட்டால் நான் அழுது அந்த அழுகையிலேயே தப்பித்துக்கொள்வேன். அதனால் எழுதுகிறேன். பத்தாவது வரை படித்தவள் இதுவரை பெரிதாக ஒன்றும் எழுதியதில்லை. தப்பும் தவறுமாக இருந்தாலும் கடைசி வரை படி.

2007-ல் அந்தக் கம்பெனி வந்தபோது நீ பத்தாவது படித்துக்கொண்டிருந்தாய். ஊரெல்லாம் வேலை கிடைக்கும் என்றார்கள். கிடைத்தது, ஆனால் லைனில் உட்கார்ந்து பாகங்களைப் பூட்டும் வேலைக்குப் பதினெட்டு, இருபது வயசுப் பெண்களைத்தான் எடுத்தார்கள். திருநெல்வேலி, ராமநாதபுரம், விருதுநகர் என்று எங்கெங்கிருந்தோ வந்த பெண்கள் சுங்குவார்சத்திரத்தில் ஒரு அறைக்கு எட்டுப் பேராகத் தங்கினார்கள். முப்பத்தைந்தைத் தாண்டிய எங்களை ஒரு காண்ட்ராக்டர் வேனில் ஏற்றிப்போய் ஹவுஸ்கீப்பிங்கில் விட்டார். நீலக் கோட்டு, கையில் மாப்பு, இன்னொரு கையில் பக்கெட். கண்ணாடி மாதிரி இருக்கும் தரையை மறுபடி மறுபடி துடைப்பதும், லைன் பெண்களின் பாத்ரூமைக் கழுவுவதும்தான் வேலை. லைனில் இருக்கும் பெண் நினைத்த நேரத்தில் எழுந்திருக்க முடியாது. அவள் இடத்தில் உட்கார ரிலீவர் வந்தால்தான் பாத்ரூம் போகலாம். அடக்கி அடக்கி ஓடி வருவார்கள். சில பேர் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதுவிட்டு, முகம் கழுவிக்கொண்டு போவார்கள். அவர்கள் அழுவது சூப்பர்வைசருக்குத் தெரியாது, ஹாஸ்டல் வார்டனுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் வெளியே மாப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன்.

ரெண்டு வருஷம் கழித்து அங்கே ஒரு சங்கம் வந்தது. பர்மனெண்ட் ஆட்களுக்கு மட்டும். எங்களில் மல்லிகா கொஞ்சம் துணிச்சல்காரி, உனக்குத் தெரியுமே, தண்ணீர்ப்பந்தல் தெரு மல்லிகா. அவள் ஒருநாள் டீக்கடையில் அந்தச் சங்கத் தலைவரைப் பார்த்து, "சார், எங்களயும் சேத்துக்குவீங்களா?" என்று கேட்டாள். அவர் நல்ல மனுஷன்தான், கெட்டவர் இல்லை. சிரித்துக்கொண்டே, "உங்களுக்குக் காண்ட்ராக்டர் இருக்காரும்மா, உங்க விஷயத்த அவருகிட்டதான் பேசணும். மொதல்ல எங்களது முடியட்டும்" என்றார். மல்லிகா வேனில் திரும்பி வரும்போது, "நம்மள ஆளாவே நெனைக்கல பாத்தியா" என்றாள். அதற்குப் பிறகு நாங்கள் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒருநாள் பர்மனெண்ட் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு கேட்டுக்கு வெளியே உட்கார்ந்தார்கள். உள்ளே ட்ரெய்னி பெண்களும் காண்ட்ராக்ட் ஆட்களும் இருந்தோம். மானேஜர் எங்களைக் கூப்பிட்டு மாப்பைக் கீழே வைக்கச் சொன்னார். கை கழுவச் சொல்லி, தொப்பி மாட்டி, லைனில் உட்கார வைத்தார். எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது கண்ணு, பொய் சொல்ல மாட்டேன். மூன்று வருஷமாக நான் துடைத்த லைனில் நானே உட்கார்ந்திருக்கிறேனே என்று இருந்தது. வீட்டுக்கு வந்து உன்னிடம்கூடச் சொன்னேன், ஞாபகம் இருக்கலாம். வெளியே உட்கார்ந்தவர்கள் பன்னிரண்டு நாள் தாக்குப் பிடித்தார்கள். உள்ளே லைன் ஓடிக்கொண்டே இருந்ததால் கம்பெனிக்கு ஒன்றும் ஆகவில்லை. பதிமூன்றாம் நாள் மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டு ஒவ்வொருவராக உள்ளே வந்தார்கள். தலைவர்கள் வேலையை விட்டுப் போனார்கள். சங்கத்தில் மிச்சம் இருந்தவர்கள் ஒரு ஷேர் ஆட்டோவில் அடங்கிவிடுவார்கள் என்று உன் அப்பா கிண்டல் செய்தார். அவருக்கு எல்லாமே ஆட்டோக் கணக்குத்தான்.

திரும்பி வந்தவர்களில் ஒருத்தி பேச்சியம்மாள். பேச்சி என்று கூப்பிடுவோம். சங்கரன்கோவில் பக்கம் ஊர். அப்போது இருபத்திரண்டு வயசு இருக்கும், ஒல்லியாக, கொஞ்சம் தெத்துப்பல். வந்த முதல் நாளே பாத்ரூமில் என்னைப் பார்த்தாள். அந்தப் பன்னிரண்டு நாளும் அவள் இடத்தில் உட்கார்ந்தவள் நான்தான், அது அவளுக்குத் தெரியும். காறித் துப்பப்போகிறாள் என்று நினைத்து நான் பக்கெட்டை எடுத்துக்கொண்டு நகர்ந்தேன். அவள் கையைக் கழுவிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, எங்க லைன்ல உக்காந்தீயளே, கை வலிச்சுதா?"

நான் பக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"பெருவிரல் மரத்துப் போயிருக்குமே. எனக்கு மொத மாசம் சோறு பிசையவே முடியல. வெந்நியில உப்புப் போட்டுக் கைய வச்சிருங்க, சரியாப் போவும்." அப்புறம் கண்ணாடியில் என்னைப் பார்த்து, "ஸ்ட்ரைக்குக்கு முன்னாடி எங்க ஆளுக யாராவது வந்து உங்ககிட்ட பேசுனாவளா?" என்று கேட்டாள்.

"யாரும் இன்னா ஏதுன்னு கேக்கலம்மா" என்றேன்.

"அப்போ எங்க தப்புதான்" என்று சொல்லிவிட்டுப் போனாள். ரிலீவர் காத்துக்கொண்டிருந்தாள், அவளுக்கு அதற்கு மேல் நேரம் இல்லை.

நீ இப்போது கமிட்டியில் இருக்கிறாய். சங்கம் எப்படி வளர்ந்தது என்று யாராவது கேட்டால் போன வருஷம் எல்லாரும் கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு வேலை பார்த்ததைச் சொல்கிறாய், கலெக்டர் ஆபீஸுக்கு ஊர்வலம் போனதைச் சொல்கிறாய். அதெல்லாம் சரிதான். ஆனால் நான் பார்த்தது வேறு. செத்துப்போன சங்கம் ஒரு கேள்வியில் மூச்சு விட்டதை நான் அந்தப் பாத்ரூமில் பார்த்தேன். அடுத்த ஒரு வருஷம் பேச்சி சங்கம் என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. வார லீவு நாளில் அறை அறையாகப் போவாள். எந்த ஹாஸ்டலில் தண்ணீர் வரவில்லை, எந்தப் பஸ் வழியில் நின்றுபோகிறது, யாருக்கு வயிற்றுவலிக்கு லீவு கொடுக்கவில்லை என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒரு ரூட் பஸ்ஸில் ஜன்னல் மூடாமல் மழை அடிக்கிறது என்று அந்தப் பஸ்ஸில் வரும் எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். பஸ்ஸை மாற்றினார்கள். அவ்வளவு சின்ன விஷயம். ஆனால் கையெழுத்துப் போட்டால் ஒன்று நடக்கும் என்று அந்தப் பெண்களுக்கு முதல் தடவை தெரிந்தது.

நாங்கள் எங்கே சாப்பிடுகிறோம் என்று அவள் ஒருநாள் கண்டுபிடித்தாள். படிக்கட்டுக்குக் கீழே பினாயில் கேன் அடுக்கி வைத்திருக்கும் அறையில் குந்திக்கொண்டு சாப்பிடுவோம். கேன்டீனில் எங்களுக்கு இடம் கிடையாது. சோற்றில் பினாயில் வாசனை அடிக்கும், பழகிவிட்டது. அவள் கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடிவிட்டாள். மூன்று நாள் கழித்து மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எங்கள் அறைக்கு வந்து, "அக்கா, டிபன் பாக்ஸ எடுத்துக்கிட்டு வாங்க, ஒருத்தர் விடாம வாங்க" என்று கூப்பிட்டாள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு போனோம். கேன்டீனில் அந்த ஷிப்ட் பெண்கள் அத்தனை பேரும் தட்டில் சோற்றை வாங்கிக்கொண்டு நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தியும் உட்காரவில்லை. கேன்டீன் மானேஜர் கத்துகிறார், சூப்பர்வைசர் கத்துகிறார், நேரம் போகிறது. "எங்க அக்காமாரு உக்காந்தாத்தான் நாங்க உக்காருவோம்" என்று எங்கிருந்தோ ஒரு குரல், அது பேச்சியுடையது கூட இல்லை. கடைசியில் மானேஜர் எங்களைப் பார்த்து, "உக்காந்து தொலைங்கம்மா" என்றார். மல்லிகாதான் முதலில் உட்கார்ந்தாள். அப்புறம் நாங்கள். அதற்கப்புறம் நாற்காலி இழுபடும் சத்தம், அந்த ஹால் முழுக்க. என் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் உன்னைவிடச் சின்னவள், அவள் தட்டிலிருந்து ஒரு அப்பளத்தை எடுத்து என் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தாள்.

அந்த வாரமே நான் ஃபாரம் போட்டேன். மல்லிகா போட்டாள். எல்லாரும் போட்டோம். பேச்சி கமிட்டிக்காரர்களிடம் சண்டை போட்டுத்தான் எங்களைச் சேர்த்திருக்கிறாள், அது பின்னால் தெரிந்தது. காண்ட்ராக்ட் ஆளைச் சேர்த்தால் சட்டச் சிக்கல் வரும் என்றார்களாம். "சேக்காம இருந்தா மட்டும் சிக்கல் இல்லையா, பன்னெண்டு நாள்ல பாத்தோம்லா" என்று கேட்டாளாம். அதற்குப் பிறகு ஃபாரத்தை உள்ளே கொண்டுபோகும் வேலை எங்களுடையதாயிற்று. லைன் பெண்களின் பையை கேட்டில் சோதிப்பார்கள். எங்கள் பக்கெட்டை யார் சோதிப்பார்கள்? பாத்ரூம் டிஷ்யூ சுருள் வைக்கும் கவருக்குள் பத்துப் பத்தாகப் போட்டுக்கொண்டு போவேன். எந்த லைன் பெண்ணும் ஒருநாளில் ரெண்டு தடவையாவது என்னிடம் வந்தாக வேண்டும். பேரு, ஊரு, டோக்கன் நம்பர், கையெழுத்து. கதவுக்குப் பின்னால் நின்று முழங்காலில் வைத்து எழுதுவார்கள். என் வாழ்க்கையில் நான் உபயோகமாக இருந்த நாட்கள் என்றால் அந்த ஏழெட்டு மாசம்தான்.

இனிமேல் எழுதப்போவதுதான் எழுத வேண்டியது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை என் கவரில் இருந்த ஃபாரம் ஒன்று தரையில் விழுந்து கிடந்திருக்கிறது. நான் பார்க்கவில்லை. பதினொரு மணிக்கு ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை, குரலைக்கூட உயர்த்தவில்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் வலிக்கிறது. உட்காருங்கம்மா என்றார். அந்த அறையைத் தினமும் துடைப்பவள் நான், அங்கே உட்கார்ந்ததே இல்லை. டீ வரவழைத்தார். ஃபாரத்தை மேஜையில் வைத்துவிட்டு அதைப் பற்றிப் பேசாமல் உன்னைப் பற்றிப் பேசினார். "உங்க பையன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடிச்சு ரெண்டு வருஷமா வீட்ல இருக்கானாமே? நம்ம மெயின்டனன்ஸ்ல ஆள் எடுக்கறோம். காண்ட்ராக்ட் இல்லம்மா, ட்ரெய்னி. ரெண்டு வருஷத்துல பர்மனெண்ட்." அப்புறம் சொன்னார்: "இந்தப் பேப்பரை உங்ககிட்ட யாரு குடுக்கறா? ஒரு பேரு போதும். உங்களை யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

உன் நிலைமை அப்போது எப்படி இருந்தது என்று உனக்கே தெரியும். ஒரகடத்தில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினாய். உள்ளூர்ப் பையன் என்றால் கூட்டம் சேர்ப்பான் என்று வேண்டாம் என்றார்கள். நீ பேச்சையே குறைத்துவிட்டாய், சாப்பிடும்போதுகூடத் தலை நிமிர மாட்டாய். அதையெல்லாம் நான் சாக்காகச் சொல்லவில்லை. அந்த நிமிஷத்தில் என் மனசில் அதுவும் இருந்தது, என் வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது, ரெண்டில் எது பெரிது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. டீயை முழுசாகக் குடித்தேன். டம்ளரை வைத்துவிட்டு, "பேச்சி" என்றேன். அவர் எழுதிக்கொள்ளக்கூட இல்லை. தலையை ஆட்டினார். நான் எழுந்து, பழக்கத்தில் அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு வந்தேன்.

உனக்கு வேலை அப்படித்தான் வந்தது முரளி. இன்டர்வியூவில் அளவு கேட்டார்கள், கரெக்டாகச் சொன்னேன் என்று நீ சந்தோஷமாக வந்து சொன்னாயே, சரியாகத்தான் சொல்லியிருப்பாய். ஆனால் அந்த அறைக்குள் உன்னைக் கூப்பிட்டதற்குக் காரணம் அது இல்லை.

பேச்சியை முதலில் வேறு லைனுக்கு மாற்றினார்கள். பத்து நாளில் சூப்பர்வைசரைப் பிடித்துத் தள்ளினாள் என்று சஸ்பெண்ட். என்கொயரி என்று ஒன்று வைத்தார்கள். டிஸ்மிஸ். ஹாஸ்டலிலும் அன்றைக்கே காலி செய்யச் சொல்லிவிட்டார்கள். பையைத் தூக்கிக்கொண்டு அவள் நேராக நம் வீட்டுக்கு வந்தாள். நீ வீட்டில் இல்லை. நான் அவள் முகத்தைப் பார்க்காமல் தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, பைக்குள்ளிருந்து ஒரு கட்டு ஃபாரத்தை எடுத்து என் கையில் வைத்தாள். "இனிமே நீங்கதான்க்கா பாத்துக்கிடணும். பி ஷிப்ட்ல இன்னும் பாதிப் பேரு மிச்சம்" என்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று உள்ளே அடித்துக்கொண்டது. சொல்லவில்லை. அவள் போனபிறகு அந்தக் கட்டை அடுப்பில் போட்டுவிடலாம் என்று கூட எடுத்தேன்.

போடவில்லை. மறுநாள் கவருக்குள் வைத்துக்கொண்டு போனேன், பெயரைச் சொல்லிக் கொடுத்தவள் என்று என்னை யாரும் சந்தேகப்படவில்லை. அடுத்த ரெண்டு வருஷம் நான் பேய் பிடித்தவள் மாதிரி வேலை செய்தேன், நீயே கேட்டாய், இன்னாம்மா இப்படி அலையற என்று. பி ஷிப்ட் முடித்தேன். ட்ரெய்னிகளிடம் போனேன். கேன்டீன் ஆட்கள், தோட்ட வேலைக்காரர்கள், பஸ் டிரைவர்கள் வரை போனேன். நீயும் சேர்ந்தாய். உன் ஃபாரத்தை நான்தான் வாங்கினேன், உன் பெயரை மறுபடி மறுபடி படித்தேன், கண்ணுக்கு வயசாகிவிட்டது என்று நீ சிரித்தாய். கறுப்புப் பட்டை கட்டின அன்றைக்குக் கேட்டிலிருந்து லைன் கடைசி வரைக்கும் ஒரு ஆள் பாக்கி இல்லை, கம்பெனியும் கூப்பிட்டுப் பேசத் தொடங்கியது. எல்லாரும் என்னைக் கொண்டாடினார்கள். ஒவ்வொரு தடவையும் எனக்கு அந்த டீயின் ருசி நாக்கில் வரும்.

போன மாசம் திருச்செந்தூர் போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிப் போனேனே, கோவிலுக்குப் போகவில்லை. சங்கரன்கோவிலில் இறங்கி விசாரித்துப் பேச்சியின் ஊருக்குப் போனேன். டிஸ்மிஸ் ஆனபிறகு அவளை இந்தப் பக்கம் எந்தக் கம்பெனியும் எடுக்கவில்லை. ஒரகடத்துக்கு உள்ளே ஒரு சின்ன ஷெட்டில், பிரஸ் மிஷினில் கொஞ்ச நாள் வேலை பார்த்திருக்கிறாள். அதில் வலது கையில் ரெண்டு விரல் போய்விட்டது. இதெல்லாம் மல்லிகா சொல்லி எனக்குத் தெரிந்தது, அப்போதும் நான் போய்ப் பார்க்கவில்லை. இப்போது அவள் தம்பி வைத்திருக்கும் செல்போன் ரீசார்ஜ் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். நான் போனபோது யாருக்கோ நம்பரை இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். நல்ல எழுத்துத்தான். என்னைப் பார்த்ததும் எழுந்து ஸ்டூலைப் போட்டாள். கலர் வாங்கிக் கொடுத்தாள். சங்கம் எப்படி இருக்கிறது, யார் யார் கமிட்டியில், மல்லிகாவுக்கு மூட்டுவலி எப்படி என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். நான் கலரைக் கீழே வைத்துவிட்டு, "பேச்சி, உன் பேர அவங்ககிட்ட சொன்னது நான்தாம்மா" என்றேன்.

"தெரியும்க்கா" என்றாள்.

என்கொயரி அன்றைக்கே அந்த அதிகாரி அவளிடம் சொல்லியிருக்கிறார், நீ யாரை நம்பினாயோ அந்தம்மாவே சொல்லிவிட்டாங்க என்று. அவள் மனசை உடைக்கச் சொல்லியிருக்கிறார். தெரிந்துகொண்டேதான் அவள் நம் வீட்டுக்கு வந்து அந்தக் கட்டைக் கொடுத்தாள்.

"ஏம்மா அப்புறம் எங்கிட்ட குடுத்த?"

"வேற யாருகிட்ட குடுக்க? பக்கெட்டோட எல்லா லைனுக்கும் போறது நீங்கதான. உங்கள விட்டா ஃபாரம் உள்ள போவாது." கலர் பாட்டிலை என் பக்கம் நகர்த்தினாள். "பயந்து போயித்தான சொன்னீய. பயந்தவுகள எல்லாம் வேண்டாம்னு சொல்லிட்டா சங்கத்துல யாருக்கா இருப்பா? நானுந்தான் மன்னிப்புக் கடிதாசி எழுதிக் குடுத்துட்டு உள்ள வந்தவ."

அவள் டிஸ்மிஸ் கேஸ் இன்னும் லேபர் கோர்ட்டில் இருக்கிறது. இவள் சங்கத்துக்கு ஆள் சேர்த்ததே எங்களுக்குத் தெரியாது, ஒழுங்கீனத்துக்காகத்தான் நீக்கினோம் என்று கம்பெனி சொல்கிறது. அவர்களுக்குத் தெரியும் என்று சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அது பேச்சிக்கும் தெரியும். வக்கீலிடம் அவள் இதுவரை சொல்லவில்லை. சொன்னால் என்னைக் கூண்டில் ஏற்ற வேண்டும், ஃபாரம் போவது நின்றுவிடும் என்று வாயை மூடிக்கொண்டு மூன்று வருஷம் வாய்தா வாய்தாவாக ரயிலேறி வந்து போயிருக்கிறாள்.

நான் அவள் காலைத் தொடப் போனேன். தள்ளி உட்கார்ந்துகொண்டாள். "கோவம் இல்லன்னு நான் சொல்ல மாட்டேன்க்கா. ராத்திரி கை வலிக்கும்போது உங்க ஞாபகம் வரும். உங்க மவனுக்கு வேல கெடச்சுதுல்லா, நல்லாருக்கட்டும். ஆனா இனிமே என்னயத் தேடி வராதீய" என்றாள். பஸ் வந்தது. வந்துவிட்டேன்.

ஊருக்கு வந்தும் ஒரு மாசம் ஒன்றும் செய்யவில்லை. அவள் வராதே என்று சொன்னதையே சாக்காக வைத்துக்கொண்டு இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை நீ போன் பண்ணிப் பலகையைத் திறக்கச் சொன்னாய். செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு சங்க வக்கீல் ஆபீஸுக்குப் போனேன். ஆரம்பத்திலிருந்து சொன்னேன், அவர் எழுதிக்கொண்டார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். கோர்ட்டில் ஏறிச் சொல்லவும் சம்மதித்திருக்கிறேன். "உங்க வேலை நிலைக்காதும்மா. உங்க பையனையும் ஏதாவது பண்ணப் பாப்பாங்க, யோசிச்சுக்குங்க" என்றார். யோசித்துத்தான் வந்தேன் என்றேன். உன்னைக் கேட்காமல் உன் வேலையையும் சேர்த்துப் பணயம் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். உனக்காக என்று உன்னைக் கேட்காமல் முன்பு ஒன்று செய்தேன், இப்போது இன்னொன்று. உன்னிடம் முதலில் கேட்டிருந்தால் நீ என்ன சொல்லியிருப்பாய் என்று எனக்குத் தெரியாது. அந்தப் பதிலுக்குப் பயந்துதான் முதலில் கையெழுத்துப் போட்டேன், அதையும் ஒத்துக்கொள்கிறேன். அப்பாவிடம் இன்று காலை சொன்னேன். அவர் ஆட்டோவை எடுத்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனுக்குப் போய்விட்டார்.

நீ என்ன செய்வாய் என்று எனக்கு ஓரளவு தெரியும். ரோஷக்காரன், அந்த வேலையே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு வருவாய். அதைச் செய்யாதே. நீ விட்டால் அது பேச்சிக்குப் போகாது, அவள் விரலும் முளைக்காது. அவர்களாக வெளியே தள்ளினால் தள்ளட்டும், அப்போது சங்கம் பார்த்துக்கொள்ளும். அதற்குத்தானே இத்தனை பேரைச் சேர்த்தோம். இருக்கும் வரைக்கும் உள்ளே இரு. இப்போது பீகார், ஒரிசா பையன்கள் லோடிங்கில் வந்து நிற்கிறார்கள். அவங்களுக்குப் பாஷை தெரியாதும்மா, சங்கத்துக்கெல்லாம் வரமாட்டாங்க என்று நீ போன மாசம் சொன்னாய். எங்களைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்கள். நீ போய் அவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள் என்று பார். யாராவது ஒருவன் பயந்துபோய் உன் பெயரைச் சொல்லிக் கொடுத்தால், நீ உடைந்து போகாதே. அவனையும் விட்டுவிடாதே.

பலகையை நான் திறக்க மாட்டேன். மல்லிகாவைக் கூப்பிடு. ஏன் உன் அம்மா இல்லை என்று கமிட்டி கேட்டால் மறைக்காமல் சொல்லிவிடு. எங்கள் ஹவுஸ்கீப்பிங் பெண்களிடம் நாளைக்கு ஷிப்ட் முடிந்ததும் நானே சொல்லப்போகிறேன், வேறு வாயால் அவர்கள் கேட்க வேண்டாம்.

வக்கீல் ஆபீஸில் நான் இருக்கும்போதே அவர் பேச்சிக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். இந்த மாதிரி அந்தம்மா வந்து எழுதிக் கொடுத்திருக்காங்க, கேஸ் இனி பலமாக நிற்கும் என்றார். நன்றி சொல்வாளோ, திட்டுவாளோ என்று நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவள் குரல் கேட்டது. "அந்த அக்காவுக்கு வேல போயிருமே சார். யோசிச்சாவளான்னு கேளுங்க."

கோர்ட்டில் என்னைக் கூப்பிடும் நாள் தெரிந்ததும் உனக்குச் சொல்கிறேன். வா என்று கேட்க எனக்கு வாய் இல்லை. நீ இதைப் படித்துவிட்டு என்னைத் திட்டணும் என்றால் வந்து திட்டு. அம்மா என்று கூப்பிடப் பிடிக்கவில்லை என்றால் அதையும் என் முகத்துக்கு நேரே சொல்லு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே கண்ணு. பேசாமல் இருந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும், மூன்று வருஷம் இருந்து பார்த்துவிட்டேன்.

அம்மா